சூட்டுச் சோதனை

ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் வேலை என்று சுபாஸ்ரீ சொல்லியிருந்தாள். சொல்வதற்கென்ன, ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு எதையும் சொல்லலாம். ஜூன் மாத வெயிலில் மௌலா அலியிலிருந்து சனத்நகர் வரைக்கும் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது தேவராஜுக்கு அந்த ஒரு எண்ணை நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

ஐம்பத்தாறு வயது. வலது முழங்கால் படி ஏறச் சம்மதிக்கும், இறங்கச் சம்மதிக்காது. பாய்லர்களின் பர்னரைப் பழுதுபார்க்கிற வேலையில் முப்பது வருடம். அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொதிகலன் பிரிவில் இருந்தவர். ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. மகனும் நெருப்போடு மல்லுக்கட்டுகிற வேலைக்கே வந்து சேர்ந்தார். அதில் பெருமை ஒன்றும் இல்லை. கிடைத்தது இதுதான்.

இந்த மாதம் முப்பதாம் தேதியோடு அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் சுபாஸ்ரீ கையில் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பெண், முப்பத்துநாலு வயது, ஜனவரியில் சர்வீஸ் பிரிவுக்குத் தலைமையாக வந்தாள். வந்த முதல் வாரமே எல்லாரையும் கூட்டி வைத்து ஒன்று சொன்னாள்: “செய்யாத சோதனையைச் செஞ்சதா எழுதின ஷீட் ஒண்ணு என் கையில கெடைச்சாப் போதும். அவங்க எவ்வளவு சீனியரா இருந்தாலும் அதோட சரிங்க.” ஒப்புக்குச் சொல்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மார்ச் மாதம் கூட வேலை பார்த்த ஆண்டனியின் வேலை போனது. நாள் முழுக்கக் கரண்டே இல்லாத ஒரு தொழிற்சாலையில் மாலை நான்கு மணிக்கு பாய்லரைச் சோதித்ததாக எழுதி வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான்.

தேவராஜுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்பது தெரியும். கொரோனா சமயத்தில் ஒன்றரை வருடம் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மனைவி மங்கையர்க்கரசி பள்ளிக்கூட ஆபீசுக்குக் கிளம்பும்போது “மத்தியானம் சாதம் சூடு பண்ணிக்கிங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். நல்ல எண்ணத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனாலும் கதவு சாத்திய பிறகு அவர் அந்த வார்த்தையோடு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். இன்னொரு முறை அப்படி உட்கார அவருக்குத் தெம்பில்லை.

சனத்நகரில் அவர் போன இடம் ஒரு சலவைத் தொழிற்சாலை. நகரத்தின் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் தியேட்டர் துணிகளும் அங்கேதான் வெளுத்துத் திரும்பும். அத்தனைக்கும் நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு கேஸில் எரியும் பர்னர், பர்னருக்குக் காவலாக ஒரு கன்ட்ரோல் பெட்டி, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் சலீம்.

சலீமுக்கு முப்பத்தெட்டு வயது. வாணியம்பாடிக் குடும்பம். இரண்டு தலைமுறையாக ஹைதராபாத்தில் இருந்ததில் அவன் தமிழில் பாதி உருது ஆகிவிட்டிருந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முழுவதும் பாய்லருக்கு இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பான்.

“வாங்கண்ணா. ஆவோ. இன்னா இவ்ளோ லேட்டு? சுனில் சாப் மூணு தபா வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு.”

“வெயில்லடா. வண்டி சூடாயிடுச்சு.”

“வண்டியா, நீங்களா?”

“ரெண்டுந்தான்” என்று சொல்லிவிட்டுத் தேவராஜ் பையை இறக்கிவைத்தார்.

வேலை இதுதான். பர்னருக்குக் காற்று ஊதும் ஃபேன் போன வாரம் பழுதாகி, வேறொன்று மாட்டியிருந்தார்கள். புது ஃபேன் கொஞ்சம் மெதுவாக ஊதுகிறது. பற்றவைப்பதற்கு முன்னால் அடுப்புக்குள் தங்கியிருக்கும் கேஸையெல்லாம் காற்று வெளியே தள்ள வேண்டும். அதற்கு முப்பது விநாடி என்று இருந்ததை இனி நாற்பத்தைந்து ஆக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கிற திரையில் கடவுச்சொல்லைப் போட்டு, முப்பதை அழித்து நாற்பத்தைந்து என்று தட்டினால் முடிந்தது.

ஆனால் பெட்டி அவ்வளவு சுலபமாக விடாது. பாதுகாப்பு எண்களில் ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் பூட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, சரியா, சரியா என்று கேட்கும். காற்று ஊதும் நேரம், பற்றவைக்க முயலும் நேரம், சுடர் அணைந்தால் எத்தனை விநாடிக்குள் கேஸை மூட வேண்டும் என்கிற நேரம், இப்படி இருபத்திரண்டு கேள்வி. எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்ன பிறகு, முப்பது விநாடிக்குள் பர்னரின் பக்கவாட்டில் இருக்கிற பெட்டியின் சிவப்புப் பொத்தானை யாராவது கையால் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பொத்தானை அழுத்துகிற ஆள் பர்னருக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த ஆளாகத்தான் இருப்பான் என்று அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் நம்பியிருக்கிறார்கள். பாவம், அவர்கள் தேவராஜையும் சலீமையும் பார்த்ததில்லை.

திரைக்கும் பெட்டிக்கும் நடுவில் குழாய்களைச் சுற்றிக்கொண்டு இருபது அடி, நடுவில் மூன்று படி. தேவராஜின் முழங்கால் போடும் கணக்கில் அது முப்பது விநாடிக்கு மேல். அதனால் அவர் திரையில் ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டே வந்து, கடைசியில் “தபாவ்” என்று குரல் கொடுப்பார். சலீம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலேயே கையை நீட்டி அழுத்துவான். பல வருடப் பழக்கம்.

இன்றும் அப்படியே நடந்தது. பெட்டி திருப்திப்பட்டுப் பூட்டைத் திறந்தது.

அடுத்தது ஷீட். எண்களை எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அதில் கடைசியில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, பாய்லர் குளிர்ந்திருக்கும்போது செய்யும் சோதனை: பர்னரைப் பற்றவைத்து, சுடரைப் பார்த்துக்கொண்டிருக்கிற சென்சாரை உருவி வெளியே எடுக்க வேண்டும். வேலை செய்கிறவர்கள் அதைக் கண் என்றுதான் சொல்வார்கள். கண்ணுக்குச் சுடர் தெரியாமல் போனதும் பெட்டி நான்கு விநாடிக்குள் கேஸை மூடிவிட வேண்டும். இரண்டாவது, சூட்டுச் சோதனை: ஒன்றரை மணி நேரம் பாய்லரை முழுச் சூட்டில் ஓடவிட்டு, கண் அதன் இடத்திலேயே இருக்கும்போது கடைசிக் கைவால்வை மூடிச் சுடரைக் கொன்று, எத்தனை விநாடியில் பெட்டி கேஸை வெட்டுகிறது என்று மூன்று தடவை பார்க்க வேண்டும்.

முதலாவதை எல்லாரும் செய்வார்கள், ஐந்து நிமிட வேலை. இரண்டாவதற்கு ஒன்றரை மணி நேரம் எவன் உட்கார்ந்திருப்பான்? அடுத்த இடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அதனால் சூட்டுச் சோதனை எண்கள் மனதிலிருந்து வரும். 3.1, 3.4, 3.2. மூன்றையும் ஒரே எண்ணாகப் போட்டால் சந்தேகம் வரும், கொஞ்சம் கலைத்துப் போடு என்று ஆண்டனிக்குச் சொல்லிக்கொடுத்ததே தேவராஜ்தான். அவன் மாட்டியது வேறு விஷயத்தில்.

பர்னர் பற்றிக்கொண்டது. தேவராஜ் கண்ணை உருவினார். டக் என்று வால்வுகள் மூடின. மூன்று விநாடி. குளிர்ச் சோதனை முடிந்தது. கண்ணைத் திரும்ப மாட்டும்போது அதன் அடியில் ஒருபக்கமாக இருந்த வாஷர் நழுவிக் கீழே விழுந்தது. சலீம் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

“உங்க வாஷர்ண்ணா. பத்திரம்.”

அவருடைய வாஷர்தான். போன ஆகஸ்ட் மாதம் இந்த பாய்லர் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சும்மா சும்மா நின்றுகொண்டிருந்தது. சுடர் எரிந்துகொண்டிருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, பெட்டி பயந்து கேஸை மூடிவிடும். முறையான வைத்தியம் என்றால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து, காற்றையும் கேஸையும் மறுபடி பொருத்தம் பார்க்க வேண்டும்; ஒரு முழுநாள் பாய்லர் நிற்கும். எந்த முதலாளி சம்மதிப்பான்? தேவராஜ் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்திருந்தார். கண்ணின் அடியில் ஒருபக்கம் ஒரு வாஷரைச் செருகினால் அது லேசாகக் கீழே சாயும். சாய்ந்த பார்வைக்குச் சுடர் நன்றாகத் தெரிந்தது. பாய்லர் நிற்பது நின்றது. தேவராஜ் சார் கை வைத்தால் பாய்லர் மக்கர் பண்ணாது என்று பேர் வந்தது. அவருக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

வாஷரைப் பழைய இடத்திலேயே வைத்து மாட்டினார். பாய்லர் ஓட ஆரம்பித்தது.

மேனேஜர் சுனில் வந்து தலையை நீட்டினான். அவனுக்குத் தெலுங்கும் அவசரமும் மட்டும்தான் தெரியும். “அய்ப்போயிந்தா சார்?” முடிந்ததா என்று கேட்டான். பன்னிரண்டரைக்குத் தியேட்டர் துணி வண்டியில் ஏற வேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது என்றான். முடிந்தது என்று தேவராஜும் தெலுங்கிலேயே சொன்னார். சுனில் இரண்டு டீ அனுப்பிவைத்தான்.

தேவராஜ் டீயைக் குடித்துக்கொண்டே சூட்டுச் சோதனைக் கட்டத்தில் 3.2 என்று எழுதினார். இரண்டாவது எண்ணை யோசித்துக்கொண்டிருந்தபோது சலீம் பேச்சுக்கொடுத்தான்.

“ஒண்ணு சொல்லணும்னு இருந்தேண்ணா. போன செவ்வாக்கெழமை, மத்தியானம். கேஸ் ப்ரஷர் விழுந்துடுச்சு. நான் அடுப்பு ஓட்டை வழியா எட்டிப் பாக்கறேன், உள்ள ஒண்ணுமே இல்ல. நெருப்பு நஹி. செங்கல்லு மட்டும் செக்கச்செவேல்னு இருக்குது. ஆனா பச்சை லைட்டு எரிஞ்சிக்கினே இருக்குது.”

தேவராஜ் பேனாவைக் கீழே வைத்தார். பச்சை விளக்கு எரிந்தால், சுடர் இருக்கிறது என்று கண் பெட்டிக்குச் சொல்கிறது என்று அர்த்தம்.

“எவ்ளோ நேரம்?”

“யாருக்குத் தெரியும்? நான் எதுக்கு வம்புன்னு கைவால்வை மூடிட்டேன். சுனில் சாப்கிட்ட சொன்னேன். நல்லதாப் போச்சு, பாய்லர் தானா நிக்காம இருந்திச்சே அப்டின்னாரு. நானும், அண்ணன் வெச்ச கண்ணு, ஸ்ட்ராங்கா இருக்குதுன்னு விட்டுட்டேன்.”

தேவராஜுக்கு இதைக் கேட்காமல் பத்து நிமிடம் முன்னால் கிளம்பியிருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்புக்காக அவர் பிற்பாடு வெட்கப்பட்டார் என்பது வேறு விஷயம். அப்போது தோன்றியது அதுதான். வேண்டுமானால் இப்போதும் கிளம்பலாம். இரண்டு எண்தான் பாக்கி.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பாய்லர் பற்றிக்கொண்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது.

“சலீமு, இன்னொரு டீ சொல்லு. ஒரு மணி நேரம் உக்காரணும்.”

“கைக்குண்ணா, எதுக்கு? வேலதான் முடிஞ்சிடுச்சே.”

“இல்லடா. இன்னும் இருக்குது.”

ஒரு மணி நேரம் பாய்லர் அறையில் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். வருகிறவர், போகிறவர் அவர்; சலீம்தான் உட்காருகிறவன். வேர்வை சட்டையை முதுகோடு ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடிக்கிற பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இரண்டு இடத்திலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு அவர் எழுந்தார். சலீமைப் போனில் ஸ்டாப்வாட்ச் வைக்கச் சொன்னார். ஒரு கை கைவால்வில், பார்வை அடுப்பின் ஓட்டையில். உள்ளே சுடர் முழங்கியது. அதன் வாயைச் சுற்றியிருந்த செங்கல் வளையம் பழுக்கக் காய்ந்திருந்தது.

“ரெடி. மூடறேன்.”

வால்வை மூடினார். முழக்கம் நின்றது. ஃபேன் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. ஓட்டைக்குள் சுடர் இல்லை. செங்கல் மட்டும் சிவப்பாக இருந்தது. அவர் தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“நாலு” என்றான் சலீம். “அஞ்சு. ஆறு. ஏழு.”

எரிந்தது.

“பன்னெண்டு. பதிமூணு.”

“எண்ணிக்கினே இரு.”

“பத்தொம்போது. இருவது. இருவத்தொண்ணு. இருவத்திரெண்டு. இருவத்திமூணு.”

டக். வால்வுகள் மூடின.

இருபத்திமூன்று விநாடி. நான்கு இருக்க வேண்டிய இடத்தில். அவருடைய வாஷரால் சாய்ந்துபோன கண் சுடரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சுடருக்கு அடியில் இருந்த செங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தது. செங்கல் குளிர்ந்திருக்கும்போது இருட்டு, கண்ணும் வெளியே உருவப்பட்டிருக்கும், அதனால் குளிர்ச் சோதனையில் ஒன்றும் தெரியாது. சூடேறிவிட்டால் செங்கல்லின் சிவப்பையே சுடர் என்று எடுத்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை கேஸ் விழுந்து சுடர் அணைந்தபோது, சலீம் எட்டிப் பார்க்காமல் டீ குடிக்கப் போயிருந்தால், திரும்பி வந்த கேஸுக்கு வால்வு திறந்தே இருந்திருக்கும். பற்றாத கேஸ் அடுப்பை நிரப்பியிருக்கும். பழுத்த செங்கல் எப்போதாவது ஒரு கணத்தில் அத்தனையையும் சேர்த்துப் பற்றவைத்திருக்கும். அந்தச் சுவரும் அதற்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பும் இருந்திருக்காது.

இதைச் சலீமுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, வளைக்கத் தெம்பும் இல்லை.

சலீம் நாற்காலியைப் பார்த்தான், பாய்லரைப் பார்த்தான்.

“ஆகஸ்ட்லருந்தா?”

“ஆமா.”

“பத்து மாசம்ணா. நான் இங்கதான் உக்காந்துகினு இருக்கேன். சாப்பாடுகூட இங்கதான் சாப்புடுவேன்.” அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவராஜுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “அந்த ஷீட்ல சூட்டுச் சோதனைன்னு எழுதி இருக்குதே. அன்னிக்கு அதைச் செஞ்சீங்களா?”

“இல்ல சலீமு.”

“ஹவ்” என்றான் சலீம். சரி, அப்படியா என்பதற்கு அங்கே சொல்கிற வார்த்தை.

தேவராஜ் வாஷரைக் கழற்றிப் பையில் போட்டார். கண்ணை நேராக மாட்டி, பர்னரைத் துடைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பொருத்தம் பார்த்தார். பற்றவைத்த பத்தாவது நிமிடமே பாய்லர் ஒரு தடவை நின்றது. சுனில் ஓடிவந்தான். “மள்ளி ஆகிப்போயிந்தேன்ட்டி சார்?” மறுபடி நின்றுவிட்டதே என்று அழாத குறையாகக் கேட்டான். பத்து மாதமாக நிற்காத பாய்லர், நீங்கள் வந்த அன்றைக்குத்தான் நிற்கிறது என்றும் சேர்த்துக்கொண்டான். துணி அரை மணி நேரம் தாமதமாகும், ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடு என்றார் தேவராஜ். ஒரு நாள் பாய்லரை முழுசாக நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். சுனில் அவரை முறைத்துவிட்டுப் போனான்.

செங்கல் மறுபடி பழுத்ததும் மூன்று தடவை கைவால்வை மூடிப் பார்த்தார்கள். 3.3. 3.0. 3.3. இரண்டு எண் ஒன்றாகவே வந்தது. உண்மைக்கு யாருடைய சந்தேகத்தைப் பற்றியும் கவலையில்லை போலிருக்கிறது.

இப்போது மணி ஒன்று. புது ஷீட் ஒன்றை எடுத்து எழுதினார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினால் முடிந்தது. சுபாஸ்ரீ இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். முப்பதாம் தேதி தாண்டிவிடும். சலீம் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் சுனில் காதில் ஏறாது.

அவர் போட்டோவை எடுத்துவிட்டார். அனுப்புவதற்கு விரலை வைத்தவர், வைத்தபடியே நின்றார்.

வாஷர் இங்கே மட்டுமா வைத்தார்?

சேர்லபள்ளியில் ஒரு கேன்டீன் சமையல் கூடம். குஷாய்குடாவில் ரொட்டிக் கம்பெனி. நாச்சாரத்தில் இரண்டு. பாலாநகரில் சாயப் பட்டறை. விரல் விட்டு எண்ணினார். ஒன்பது. இதோடு பத்து. போன இரண்டு வருடத்தில் யார் வீட்டு பாய்லர் நின்றாலும் அவர் கையோடு கொண்டுபோனது அந்த மருந்துதான். ஒன்பது ஷீட்டிலும் மனதிலிருந்து வந்த மூன்று மூன்று எண்கள்.

சப்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். வருடாந்திரச் சோதனைக்குப் போகும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஒன்றுக்கு ஒரு வாரம் என்று வைத்தாலும் ஒன்பது வாரம். இத்தனை மாதம் ஒன்றும் ஆகவில்லை, ஒன்பது வாரத்தில் ஆகிவிடுமா? அவர் மனது நன்றாகத்தான் சப்பைக்கட்டு கட்டியது. முப்பது வருடமாகக் கட்டிப் பழகிய மனது.

ஆனால் இப்போது மணி ஒன்று. ஒன்பதும் இந்த நேரத்தில் முழுச் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நாற்காலி இருக்கும். அந்த நாற்காலிக்காரன் சரியான நேரத்தில் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இன்றைக்கே ஒன்பது இடத்துக்கும் ஓட இந்த முழங்காலால் முடியாது. ஆபீசைக் கேட்காமல் அவராக ஒன்பது பாய்லரை நிறுத்தவும் முடியாது.

அவருக்குப் பயமாக இருந்தது. வெட்கமும் இருந்தது, ஆனால் பயம்தான் பெரியதாக இருந்தது. அந்தப் பயத்தோடேயே சுபாஸ்ரீயைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க சார். முடிஞ்சுதுங்களா?”

“இங்க முடிஞ்சிது மேடம். இப்ப சரியா இருக்குது. ஆனா போன ஆகஸ்ட்ல நான் வெச்சது தப்பு.” வாஷரைச் சொன்னார். செங்கல்லைச் சொன்னார். இருபத்திமூன்று விநாடியைச் சொன்னார். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

“ஆகஸ்ட் ஷீட்டு என் முன்னாடி இருக்குதுங்க. சூட்டுச் சோதனை மூணு பாயிண்ட் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க.”

“அது மனசுல இருந்து போட்டது மேடம்.”

“இது ஒரு எடந்தானுங்களா?”

“இதோட பத்து.”

“மத்த ஒம்போதும் இப்ப ஓடிட்டிருக்குங்களா?”

“ஓடும் மேடம்.”

“சொல்லுங்க. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துத் திரும்பப் படித்துக் காட்டினாள்.

“நான் கூப்பிட்டா ஏன் எதுக்குன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க சார். லோடு முடியட்டும், சாயந்தரம் நிறுத்தறோம்பாங்க. நீங்க சொன்னா உடனே நிறுத்துவாங்க. உங்க மேல அவங்களுக்கு அவ்ளோ நம்பிக்கை. நீங்களே கூப்பிடுங்க.”

“சரி மேடம்.” அவர் கொஞ்சம் தயங்கினார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார். “முப்பதாம் தேதி...”

“அதுல நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைங்க சார்” என்றாள் சுபாஸ்ரீ. கோபமாகச் சொல்லவில்லை. அவளும் களைத்துப்போனவள் மாதிரிதான் சொன்னாள். “சேர்லபள்ளியை மொதல்ல கூப்பிடுங்க. அங்கதான் ஆளு ஜாஸ்தி.”

லைனைத் துண்டித்துவிட்டாள். அவ்வளவுதான். இத்தனை நாளாக எதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாரோ அது அரை நிமிடத்தில் நடந்து முடிந்திருந்தது. சலீம் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். அவர் உட்கார்ந்துகொண்டார்.

சேர்லபள்ளி கேன்டீனில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர் வரதராஜன் என்பவர். தமிழர்தான். போன் இரண்டு தடவை அடித்ததும் எடுத்தார். பின்னால் பாத்திரங்களின் சத்தமும் ஆட்களின் சத்தமும் கேட்டன.

“அடடே, தேவராஜ் சாரா. நூறு வயசு உங்களுக்கு. காலையிலதான் முதலாளிகிட்ட உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து பாய்லர் ஒரு தடவைகூட நிக்கலை சார், தெரியுமா?”

“அதனாலதான் கூப்பிட்டேன் வரதராஜன். போய்க் கைவால்வை மூடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

“இப்பவா? முன்னூறு பேருக்குச் சாப்பாடு சார், சாம்பார் இன்னும்...”

“நான் செஞ்சது தப்பு. அந்தக் கண்ணு நெருப்பைப் பாக்கலை, செங்கல்லப் பாத்துக்கினு இருக்குது. நெருப்பு அணைஞ்சாலும் கேஸ் மூடாது. போய் மூடுங்க, அப்புறம் பேசலாம்.”

வேகமாக நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு. பர்னரின் முழக்கம் போனுக்குள் பெரிதாகி, பிறகு நின்றது.

“மூடிட்டேன் சார்” என்றார் வரதராஜன். மூச்சு வாங்கியது அவருக்கு. பிறகு மெதுவாகக் கேட்டார். “எப்பருந்து சார் இப்படி இருக்கு?”

“நான் வந்துட்டுப் போனதுல இருந்து” என்றார் தேவராஜ்.